ரேடியேஷன் மீட்டரும் ஆன்டி ரேடியேஷன் டாலரும்: ஏழு மாசம் கப்பல்ல வச்சுப் பாத்துட்டு எழுதுறேன்

மீட்டர் 2,850 ரூபா, டாலர் 1,499. ரெண்டும் ஒரே கடையில, மதுரை டவுன்ஹால் ரோட்டுல இருந்து உள்ள திரும்புற ஒரு சந்துல வாங்குனது. கடை பேரு போடல. மீட்டருக்கு அஞ்சுக்கு ரெண்டரை ஸ்டார், டாலருக்கு பூஜ்யம், மைனஸ் குடுக்க வழி இருந்தா குடுத்திருப்பேன். அவசரத்துல இருக்குறவங்க இதோட போயிரலாம், மத்தவங்க உக்காருங்க, கதை நீளம்.

நான் மெர்ச்சன்ட் நேவில இடிஓ (எலக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீசர்), ஊர்ல யாராவது கேட்டா "கப்பல்ல கரண்டு வேலை"ன்னு சொல்லிருவேன், அதுக்கு மேல சொன்னா அவுங்களுக்கும் புரியாது எனக்கும் டீ ஆறிரும். பெட்ரோல், டீசல் மாதிரி சரக்கு ஏத்துற ப்ராடக்ட் டேங்கர்ல ஓடுறேன். வீடு ஒத்தக்கடை, மாடில நின்னா யானைமலை தெரியும். என் மச்சினன் போன வருசம் இடிஓ கோர்ஸ்ல சேந்தான், சேந்த மறுவாரமே எங்க அத்தை வீட்டுக்கு வந்து காப்பியைக் கையில வச்சுக்கிட்டு குடிக்காமயே உக்காந்திருக்காங்க.

"மாப்ள, கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க."

"சொல்லுங்கத்தை."

"கப்பல்ல மேல ஒண்ணு சுத்துதாம்ல, அது பக்கத்துல வேலை பாத்தா புள்ள பொறக்காதாமே? மேலூர்ல இருந்து ஒரு சம்பந்தம் வந்துச்சுல்ல, அவுங்க வீட்டுல கேட்டாய்ங்களாம்."

"எனக்கு ரெண்டு இருக்கேத்தை."

"உங்க ஒடம்பு வேற மாப்ள. அவன் சோனி."

இதுக்கு என்னத்த பதில் சொல்ல. அவுங்களே ஒரு வாட்ஸ்ஸப் வீடியோ காட்டுனாங்க, கழுத்துல ஒரு டாலர் போட்டா செல்போன், டவர், ரேடார் எல்லாத்தையும் இழுத்து மண்ணுக்கு அனுப்பிருமாம். ஒரு தாய் மனசு ஆறணும்னா 1,499 பெரிய காசா, நானும் ஒரு மீட்டர் வாங்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன், சரின்னு மச்சினனைக் கூட்டிட்டு கிளம்பிட்டேன்.

கடைக்காரர் நல்ல மனுசன்தான், பேச்சு மட்டும் தேர்த்திருவிழா மைக்செட்டு மாதிரி. உக்கார ஸ்டூல் போட்டாரு, டீ சொன்னாரு, அப்புறம் டெமோ. என் போன்ல இருந்து அவரு போனுக்கு ஒரு கால் போடச் சொன்னாரு, போட்டதும் மீட்டரை போன் முதுகுல வச்சாரு, கீ கீ கீன்னு சத்தம், செவப்பு லைட்டு. "பாத்தீங்களாண்ணே எவ்வளவு ஏறுதுன்னு." அப்புறம் டாலரை எடுத்து போனுக்கும் மீட்டருக்கும் நடுவுல பைய வச்சாரு. பத்து செகண்டு. நம்பர் இறங்குச்சு, பச்சை லைட்டு. மச்சினன் வாயைப் பொளந்துட்டான். நான் ஒண்ணும் பேசல, காசைக் குடுத்துட்டு வந்துட்டேன், ஏன்னா எனக்கு அந்த மீட்டர் வேணும்.

வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு அதே வித்தையைக் காட்டுனேன், ஆனா டாலர் இல்லாம. கால் போட்டதும் எகிறுது, கொஞ்ச நேரம் சும்மா இருந்தா தானா இறங்குது. போனு மொதல்ல சத்தமா கூப்புடும், டவர் "கேக்குதுப்பா, மெதுவா பேசு"ன்னு சொன்னதும் பவரைக் குறைச்சுக்கும், அவ்வளவுதான் விசயம். டாலரோ முருங்கைக்காயோ எதை வச்சாலும் அந்த நேரத்துல இறங்கத்தான் செய்யும். அந்த டாலர் நெசமாவே அலையைத் தடுக்குதுன்னு வைங்க, போனுக்கு சிக்னல் கிடைக்காம அது இன்னும் பவரைக் கூட்டித்தான் கத்தும். ரெண்டுல எதுவா இருந்தாலும் 1,499 வேஸ்ட்டு.

இப்ப மீட்டரு. கைக்கு அடக்கமா இருக்கு, பேட்டரி நல்லா நிக்குது, டிஸ்ப்ளே வெயில்ல தெரியாது (டெக்குல வச்சுப் பாத்தா ஒண்ணுமே தெரியாது, சட்டையை மேல போட்டு மூடித்தான் பாக்கணும்). காந்தப் புலம் மைக்ரோடெஸ்லால காட்டுது, எலக்ட்ரிக் ஃபீல்டு காட்டுது, ரேடியோ அலை தனி பட்டன். வீட்டுல மொத வாரம் முழுக்க இதே வேலை. எங்க வீட்டு மிக்ஸிதான் ராசா, சட்னி அரைக்கும்போது ஒட்டி வச்சா நம்பர் சும்மா பறக்குது, ஒரு முழம் தள்ளி வச்சா பத்துல ஒண்ணு கூட இல்ல, மூணடி தள்ளுனா மீட்டருக்கு மிக்ஸி ஓடுறதே தெரியல. கிரைண்டர், இன்வெர்ட்டர் எல்லாம் அதே கதை. என் பொண்டாட்டி "தெருமுனை டிரான்ஸ்பார்மரைப் பாருங்க, அதுதான் எனக்கு பயமா இருக்கு"ன்னா, வேலிக்கு வெளிய நின்னு பாத்தேன், எங்க வீட்டு மிக்ஸி அதைத் தின்னுரும்.

ஒரு குறை இங்கயே சொல்லிடுறேன். கம்பெனில இருந்து வரும்போதே அலாரம் 0.4 மைக்ரோடெஸ்லால செட் பண்ணி வச்சிருக்காய்ங்க. அது ஏதோ ஆபத்து எல்லைன்னு நினைச்சுறாதீங்க. இக்னிர்ப்னு ஒரு சர்வதேச அமைப்பு இருக்கு, இந்த அலை விசயத்துல நெறைய நாடு அவுங்க நம்பரைத்தான் பாக்குது. வீட்டுக் கரண்டு மாதிரி 50, 60 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்துக்கு அவுங்க 2010ல சொன்னது பொதுமக்களுக்கு 200 மைக்ரோடெஸ்லா, வேலை பாக்குறவங்களுக்கு 1,000. 0.4ங்குறது குழந்தைங்க ரத்தப் புற்றுநோய் பத்துன ஆராய்ச்சிகள்ல அடிபட்ட நம்பர், வருசக்கணக்குல ஒரே வீட்டுல இருக்குற சராசரிக் கணக்கு, காரணம் இதுதான்னு யாரும் நிரூபிக்கல. அதைத் தூக்கி அலாரத்துல வச்சா மிக்ஸி, மோட்டார், டேபிள் ஃபேன் எல்லாத்துக்கும் கத்தத்தான் செய்யும், கத்துனாத்தானே டாலர் விக்கும்.

சரி கப்பலுக்கு வருவோம், அதுக்குத்தான் இந்த ரிவ்யூவே.

எங்க கப்பல்ல ரேடார் ரெண்டு. ஒண்ணு எக்ஸ் பேண்டு, 9.4 ஜிகாஹெர்ட்ஸ் சுமாருக்கு, 25 கிலோவாட். இன்னொண்ணு எஸ் பேண்டு, 3 ஜிகாஹெர்ட்ஸ், 30 கிலோவாட். 25 கிலோவாட்னு கேட்டதும் அத்தை மாதிரி ஆளுங்க நெஞ்சுல கை வச்சுருவாங்க, அது ஒரு கண் சிமிட்டல்ல லட்சத்துல ஒரு பங்கு நேரத்துக்கு வர்ற உச்சம். எங்க மாடல்ல லாங் பல்ஸ் 1.2 மைக்ரோ செகண்டு, செகண்டுக்கு 600 தடவை. பெருக்கிப் பாருங்க, சராசரி 18 வாட்தான், ஒரு எல்இடி டியூப்லைட்டு. ஆனா அந்த 18 வாட்டையும் ஆன்டெனா ஒரு டிகிரி அகலத்துல வாழைமட்டையால வெட்டுன மாதிரி ஒரே பக்கம் தள்ளும், நிமிசத்துக்கு 24 சுத்து சுத்திக்கிட்டே தள்ளும். சுத்துறவரைக்கும் ஒரு இடத்துல நிக்குற ஆளு மேல முந்நூறுல ஒரு பங்கு நேரம்தான் அது படும். டெக்குல நடக்குறவன், பெயின்ட் அடிக்குறவன், பிரிட்ஜுக்குள்ள (கப்பலை ஓட்டுற ரூம்) வாட்ச் நிக்குறவன் எல்லாம் அதுக்கு ரொம்பக் கீழ இருக்கான். பிரச்சனை எங்கன்னா, ஆன்டெனா சுத்தாம நிக்கணும், ட்ரான்ஸ்மிட் (அலை அனுப்புறது) ஓடணும், நீங்க அதுக்கு நேர் எதுக்க முகத்தைக் காட்டிக்கிட்டு மாஸ்ட்டுல (ரேடார் மாட்டியிருக்குற கம்பம்) நிக்கணும். சுத்து நின்னா ட்ரான்ஸ்மிஷனும் நிக்குற மாதிரி இன்டர்லாக் வச்சிருக்காய்ங்க, ஆனா சர்வீஸ் மோடுல போயி அதை பைபாஸ் பண்ண முடியும், பண்ணுறது யாரு, என்னை மாதிரி ஆளுதான்.

இந்த 2,850 ரூபா மீட்டர் இங்கதான் மாட்டிக்கிச்சு. மலாக்கா தாண்டி ஒரு நாள் சாயங்காலம் பிரிட்ஜ் விங்குல நின்னு மேல ரேடார் சுத்துறப்ப மீட்டரைத் தூக்கிப் பிடிச்சேன். பச்சை. பூஜ்யம் புள்ளி என்னமோ. கூட நின்ன ஏபி (டெக் மாலுமி), தூத்துக்குடிக்காரன், "அண்ணே ஒண்ணுமே இல்லையே, சும்மா பயமுறுத்துறாய்ங்களா"ன்னான். நான் மீட்டரைத் திருப்பி முதுகைக் காட்டுனேன். பொடி எழுத்துல போட்டிருக்கு: 50 மெகாஹெர்ட்ஸ் முதல் 3.5 ஜிகாஹெர்ட்ஸ் வரை. எங்க எக்ஸ் பேண்டு 9.4. அதாவது இந்த மீட்டருக்கு எக்ஸ் பேண்டுன்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது, நேரா அதுக்கு முன்னாடி கொண்டுபோயி வச்சாலும் பச்சை லைட்டு காட்டும். எஸ் பேண்டு ரேஞ்சுக்குள்ள வருது, ஆனா மைக்ரோ செகண்டு பல்ஸு, ரெண்டரை செகண்டுக்கு ஒருக்கா வர்ற பீமு, இதை அரை செகண்டுக்கு ஒருக்கா நம்பர் மாத்துற டப்பா எப்படிப் பிடிக்கும், 0.2ன்னு காட்டும், 3ன்னு காட்டும், மறுபடி பூஜ்யம். கண்ணு தெரியாதவனை நைட் வாட்ச்மேனா போட்ட மாதிரி. செவப்பு காட்டி பயமுறுத்துறதைக் கூட மன்னிச்சுருவேன், பச்சை காட்டி ஆளை மேல ஏத்துறது மகா பாவம்.

இந்த வேலைக்கு நெசமாவே மீட்டர் வேணும்னா பல்ஸ் ரேடாருக்குன்னே ப்ரோப் வச்ச, வருசா வருசம் கேலிப்ரேஷன் பண்ணுற சாமான் வேணும், அது நம்ம ஊரு காசுக்கு லட்சக்கணக்குல. நமக்கு அது தேவையும் இல்ல, ஏன்னா ரேடார் மேனுவல்லயே மொத சில பக்கத்துல போட்டிருக்கான், நிக்குற ஆன்டெனாவுல இருந்து எந்த தூரத்துல சதுர மீட்டருக்கு 100 வாட் இருக்கும், எந்த தூரத்துல 10 வாட் இருக்கும்னு. எங்க மாடலுக்கு 100 வாட் தூரம் ஒரு கை நீளத்துக்குள்ள, 10 வாட் தூரம் சில மீட்டர். இக்னிர்ப் கணக்குல ரேடார் மாதிரி அலைக்கு வேலை ஆளுங்களுக்கு 50 வாட், பொதுமக்களுக்கு 10 வாட். நாலு மீட்டர் தள்ளி நின்னா பொதுமக்கள் ஆயிருவோம்னு நான் கேடட் பசங்களுக்கு சொல்றது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மாஸ்ட் ஏணி பக்கத்துல லேமினேட் பண்ணி ஒட்டியிருக்கேன், செலவு ஒண்ணுமில்ல, 2,850ஐ விட உருப்படியான சாமான்.

இந்த அலை ஒடம்பை என்ன பண்ணும்னா சூடாக்கும், மைக்ரோவேவ் அடுப்பு மாதிரியே. சூட்டை ரத்தம் ஓடி வாங்கிட்டுப் போயிரும், ரத்தம் கம்மியா ஓடுற இடம்தான் மாட்டும், கண்ணு லென்ஸும் விதைப்பையும். அத்தை கேட்ட கேள்வி முழுப் புருடா இல்ல, அதுக்கு ஒரு வேர் இருக்கு. நார்வே கடற்படையில குவிக்னு ஒரு ஏவுகணைப் படகு, அதுல வேலை பாத்தவங்க புள்ளைங்க சிலருக்கு பிறவிக் குறைபாடு இருந்து 1990கள்ல பெரிய விசாரணை நடந்துச்சு, படகுல இருந்த டிரான்ஸ்மிட்டர்தான் காரணம்னு உறுதியா சொல்ல முடியல. ஜெர்மனி ராணுவத்துல பழைய ரேடார் மெக்கானிக்குகளுக்கு புற்றுநோய் வந்து 2003ல ஒரு கமிஷன் ரிப்போர்ட்டே குடுத்துச்சு, அங்க வில்லன் ரேடியோ அலை இல்ல, உள்ள இருந்த ஹை வோல்டேஜ் ட்யூப்ல இருந்து வந்த எக்ஸ்ரே, மூடியைக் கழட்டி வச்சுக்கிட்டு ஓட விட்டு வேலை பாத்திருக்காய்ங்க பாவம். மூடியைத் திறந்து வச்சு ட்ரான்ஸ்மிட் பண்ணாதடான்னு எனக்கு சொல்லிக்குடுத்த சீனியர் அதைக் கெட்ட வார்த்தை சேத்து சொன்னாரு, இப்பவும் காதுல இருக்கு.

என்னைக் கேட்டா ரேடார் கிட்ட ஆளை அடிக்குறது அலை இல்ல, கை. அதாவது ஆன்டெனாவோட கை, எட்டடி நீளம்.

இது வேற ஒரு கப்பல்ல, வேற கம்பெனில, பேரு வேண்டாம். நங்கூரம் போட்டு ஆங்கரேஜ்ல நிக்குறோம், எக்ஸ் பேண்டு மோட்டார் சத்தம் போடுது, பெல்ட் பாக்க மேல ஏறுனேன். பெர்மிட்டு இருந்துச்சு, கையெழுத்து இருந்துச்சு. பிரேக்கரை ஆஃப் பண்ணிட்டு அட்டையில "ஆள் மேல வேலை"ன்னு எழுதி நூலு கட்டித் தொங்க விட்டிருந்தேன், பூட்டல. மேல போயி ஆன்டெனா பக்கத்துலயே ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதை ஆஃப் பண்ணிட்டுத்தான் தொடணும், அதையும் நான் பண்ணல, அதான் பிரேக்கரை ஆஃப் பண்ணியாச்சேன்னு ஒரு திமிரு. கீழ வாட்ச் மாறுது. புதுசா வந்த தேர்டு மேட்டு (வாட்ச் பாக்குற ஜூனியர் ஆபீசர்) ரேடார் செத்துக் கெடக்குன்னு பேனலைத் திறக்குறாரு, அந்த அட்டை பழைய அட்டைன்னு நினைச்சிருக்காரு, போன மாசத்துல இருந்து அதே மாதிரி ஒண்ணு அங்கயே தொங்கிக்கிட்டு இருந்துச்சு, அதுவும் நான் கட்டுனதுதான். பிரேக்கர் ஆன். மூணு நிமிசம் வார்ம் அப். துறைமுகத்துக்குக் கூட்டிட்டுப் போற பைலட் வர்ற நேரம்னு ட்ரான்ஸ்மிட் அமுக்கிட்டாரு.

நான் குனிஞ்சு ஸ்பேனரை எடுக்குறேன், தலைக்கு மேல ஒரு நிழல் நகருது. ஹெல்மெட்டுல ஒரு இடி, அப்புறம் தோள்ல. இடுப்புல கட்டுன ஹார்னஸ் இழுத்துப் பிடிச்சதால மாஸ்ட்டுலயே தொங்குனேன், இல்லைன்னா கீழ பதினஞ்சு மீட்டர். சுத்துல மறுமுனை வர்றதுக்குள்ள ஒண்ணேகால் செகண்டு, அதுக்குள்ள படுத்துட்டேன். அந்த ஸ்பேனரு இன்னைக்கும் அந்தக் கப்பல் புகைபோக்கி பக்கத்துல எங்கயோ கெடக்கும். தோள்பட்டை மழைக்காலத்துல வலிக்கும். அந்தப் பையனைக் குத்தம் சொல்ல மாட்டேன், சின்னப் பய, என் அட்டை, என் சோம்பேறித்தனம்.

அன்னைக்கு என் கழுத்துல இந்த டாலர் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? அதுவும் சேந்து தொங்கிருக்கும்.

மீட்டர் எங்கயுமே உதவலன்னு சொல்ல மாட்டேன், ஒர்க்‌ஷாப்புல நல்லா உதவுச்சு. பேரிங் சூடு பண்ணுற இன்டக்‌ஷன் ஹீட்டர் ஒண்ணு இருக்கும், பேரிங்கை அந்த இரும்பு நுகத்துல மாட்டி விட்டா காந்தப் புலத்துலயே சூடாகும். ஃபிட்டர் அது பக்கத்துலயே சாஞ்சு நின்னு போன் பாத்துக்கிட்டு இருப்பாரு, பல வருசமா. மீட்டரை ஒட்டி வச்சேன், ஸ்கேலே முடிஞ்சு போச்சு, கடைசி நம்பர்ல நின்னு கத்துது. ரெண்டு எட்டு பின்னால வந்தேன், இறங்குது, ஒர்க்‌ஷாப் கதவு கிட்ட போனா ஒண்ணுமில்ல. நம்பர் சரியா தப்பான்னு யாருக்குத் தெரியும், ஆனா "தள்ளி நில்லு"ன்னு நான் நூறு தடவை சொன்னதை அந்தக் கீ கீ சத்தம் ஒரே தடவையில சொல்லிருச்சு, அன்னையில இருந்து அவரு ஸ்விட்ச்சைப் போட்டுட்டு வெளிய வந்துருவாரு. வெல்டிங் கேபிளைத் தோள்ல மாலை மாதிரி சுத்திப் போட்டுக்குற பழக்கம் நம்ம ஆளுங்களுக்கு உண்டுல்ல, அதையும் இதே மாதிரி காட்டி நிறுத்துனேன். அந்த ரெண்டரை ஸ்டார் இதுக்குத்தான். பேஸ்மேக்கர் வச்சவங்களுக்கு இது விளையாட்டு இல்ல, ஒரு தடவை கரையில இருந்து வந்த சர்வீஸ் இன்ஜினியர் தானா நெஞ்சைத் தொட்டுக் காட்டி "எனக்கு ஒண்ணு இருக்கு தம்பி"ன்னு சொன்னாரு, அவரை அந்தப் பக்கமே விடல. ஐரோப்பாவுல 2013ல வேலை ஆளுங்களுக்குன்னே இந்த மின்காந்த அலைக்கு தனி டைரக்டிவ் போட்டு, 2016 ஜூலை 1க்குள்ள எல்லா நாடும் சட்டமாக்கணும்னு வச்சாய்ங்க, அதுலயும் உடம்புல கருவி வச்சவங்களையும் கர்ப்பிணிங்களையும் தனியா கவனிக்கணும்னு முதலாளி தலையில கட்டியிருக்காய்ங்க.

அப்புறம் எம்எஃப் எச்எஃப் ரேடியோ, ரொம்பத் தூரத்துக்குப் பேசுறது, அதோட நெட்டு ஆன்டெனா. கப்பல்ல எல்லாரும் ரேடாரைப் பாத்துத்தான் பயப்படுவாய்ங்க, இதைக் கொடிக்கம்பம் மாதிரி நினைச்சு சாஞ்சு நிப்பாய்ங்க. 250 வாட், 500 வாட்னு போகும், ட்ரான்ஸ்மிட் பண்ணும்போது அதோட அடியில வோல்டேஜ் ஆயிரக்கணக்குல. டெஸ்ட் கால் போடுற நேரத்துல ஒரு ஓஎஸ் (புது மாலுமி) பெயின்ட் பிரஷ்ஷோட இன்சுலேட்டர் பக்கத்துல கையை வச்சிட்டான். ஷாக் மாதிரி தூக்கி எறியல, ஊசி குத்துன மாதிரி இருந்துச்சுங்குறான், விரல் நுனியில மிளகு சைசுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. மேல சின்னதா தெரியும், உள்ள ஆழமா வெந்திருக்கும், ஆற ஒரு மாசம் ஆச்சு. டேங்கர் டெர்மினல்ல கட்டுனா இந்த ரேடியோவைத் தொடவே கூடாது, ஆன்டெனாவை எர்த் பண்ணிரணும், பக்கத்துல பேசுற விஎச்எஃப் ரேடியோவை ஒரு வாட்டுக்கு இறக்கணும், அது ஆளுக்கு பயந்து இல்ல, பெட்ரோல் ஆவிக்குப் பொறி கிடைச்சுரக் கூடாதுன்னு.

லீவுல வந்ததும் டாலரைத் திருப்பிக் குடுக்கக் கடைக்குப் போனேன். வெளக்குத்தூண்ல ஒரு ஜிகர்தண்டா குடிச்சுட்டு, மண்டையைக் குளுர வச்சுக்கிட்டுத்தான் போனேன்.

"வாங்கண்ணே வாங்கண்ணே, கப்பல்ல எப்படி வேலை செஞ்சுச்சு?"

"செய்யலண்ணே. காசு வேணாம், இதை மத்தவங்களுக்கு வித்துறாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

"ஏண்ணே, அதுல அயன் வருதுண்ணே, நெகட்டிவ் அயன்."

அவருக்கு ஒரு விசயம் சொன்னேன். 2021 டிசம்பர்ல நெதர்லாந்து அணுப் பாதுகாப்பு ஆபீஸ் இதே மாதிரி டாலர், வளையல், கண்கட்டு துணின்னு பத்து சாமானைப் பரிசோதிச்சுட்டு, போடாதீங்க, வித்தவங்க நிறுத்துங்கன்னு அறிவிச்சுச்சு. ஏன்னா அதுல கதிரியக்கம் இருந்துச்சு. நெகட்டிவ் அயன் வரணும்னு போடுற தாதுப்பொடியிலயே அது இருக்கும். அலைக்குப் பயந்து கழுத்துல நெசமான ரேடியேஷனைக் கட்டித் தொங்க விடுற கதை. உங்க டாலர்ல அது இருக்கா இல்லையான்னு அளக்குற சாமான் என்கிட்ட இல்ல, கெய்கர் கவுண்டர் வேணும், அதுவும் நீங்க விக்குற மீட்டர்ல வராதுன்னேன்.

மனுசன் கொஞ்ச நேரம் பேசல. ஷோகேஸ்ல இருந்த நாலு டாலரை எடுத்து கல்லாப்பெட்டிக்கு அடியில போட்டாரு (மறுபடி எடுத்து வச்சிருப்பாரான்னு தெரியல, போறவங்க பாத்து சொல்லுங்க). அப்புறம் குரலை இறக்கி, "அண்ணே, மேல மாடியில டவர் வச்சிருக்காய்ங்க, வாடகை வருது, ஆனா வீட்டுக்காரி தினமும் திட்டுறா, ஒருக்கா அளந்து சொல்றீங்களா"ன்னாரு. மீட்டர் விக்குறவரு என்னை அளக்கக் கூப்புடுறாரு! செல்போன் டவர் அலை பெரும்பாலும் இந்த மீட்டர் ரேஞ்சுக்குள்ள வரும், மாடிப் படி வரைக்கும் போயி பாத்தேன், சும்மா ஒரு அடையாளத்துக்கு. நம்ம நாட்டுல 2012 செப்டம்பர்ல டவருக்கு இக்னிர்ப் அளவுல பத்துல ஒரு பங்குன்னு வச்சாய்ங்க, 900 மெகாஹெர்ட்ஸுக்கு சதுர மீட்டருக்கு 0.45 வாட். படியில காட்டுனது அதுக்கு ரொம்பக் கீழ. கடைக்குள்ள இறங்கி வந்தா அவரு உக்காருற சேருக்குப் பின்னால யூபிஎஸ்ஸு, அங்க வச்சதும் கீ கீ கீ. அதுவும் ஒண்ணும் ஆபத்தான அளவு இல்லண்ணே, ஆனா சத்தம் பிடிக்கலன்னா சேரை ரெண்டடி நகத்திப் போடுங்கன்னேன், உடனே நகத்திட்டாரு. ரிட்டர்ன் காசு குடுக்கல. டீ குடுத்தாரு. டீ நல்லா இருந்துச்சு, சர்வீஸுக்கு ஒரு ஸ்டார் கூட போட்டுக்கங்க.

அங்கிருந்து நேரா சிம்மக்கல் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை. பித்தளைப் பூட்டு ஒண்ணு, ஒரே சாவிதான் வேணும், டூப்ளிகேட் இருந்தா அதை இங்கயே உடைச்சுப் போடுங்கன்னு சொன்னதும் கடைக்காரப் பெரியவரு என்னை ஏற இறங்கப் பாத்தாரு. 210 ரூபா. பிரேக்கர்ல மாட்டுற கிளிப்பு மட்டும் ஆன்லைன்ல போட்டேன், அது ஒரு 180. பூட்டு மேல செவப்பு பெயின்ட் அடிச்சு மச்சினன் பேரை நானே எழுதுனேன். அவன் அடுத்த மாசம் ஏறுறான்.

"மாமா, கப்பல்லயே பூட்டு குடுப்பாய்ங்கள்ல?"

"குடுப்பாய்ங்க. அதோட சாவி ஆபீஸ்ல இன்னொண்ணு இருக்கும். இது உன் இடுப்புலதான் இருக்கணும். மேல ஏறும்போது இதை மாட்டு, சாவியை எடுத்துக்க, பிரிட்ஜ்ல நிக்குறவன் கண்ணைப் பாத்து சொல்லிட்டு ஏறு, மேல போனதும் ஆன்டெனா ஸ்விட்ச்சையும் ஆஃப் பண்ணு."

அத்தை டாலர் எங்கன்னு கேட்டாங்க. அதை விட இது நல்லதுன்னு பூட்டைக் குடுத்தேன், இதைப் போட்டா மேல ஒண்ணும் ஓடாதுத்தை, அலையும் வராது, கையும் சுத்தாதுன்னேன். கையில வாங்கி திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "நல்ல கனமா இருக்கு மாப்ள"ன்னாங்க. சாயங்காலம் பாக்குறேன், சாமி ரூம்ல, அவன் சிடிசி புக்கு (கப்பல்காரங்க அடையாளப் புத்தகம்) மேல அந்தப் பூட்டு, மஞ்சள் தடவி குங்குமம் வச்சு.